கூடு விட்டுக் கூடு பாயும் எஞ்சின்கள்

மாஸ்டா நிறுவனம் 1991 முதல் 2002 வரை தயாரித்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் பானெட்டைத் திறந்தால், இரண்டு சுழலிகள் கொண்ட, 1.3 லிட்டர் கொள்ளளவு மட்டுமேயுள்ள ஒரு சுழல் எஞ்சின் கண்ணில் படவேண்டும். அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் இக்கார்கள் பலவற்றில் அது இல்லை. அந்த இடத்தில் ஷெவர்லே கார்வெட்டுக்கென உருவாக்கப்பட்ட 5.7 லிட்டர் வி8 எஞ்சினோ அதன் பங்காளி ஒன்றோ அமர்ந்திருக்கும். இந்த மாற்றத்தைச் செய்தவர்களுக்கும், உயிரே போனாலும் செய்யமாட்டோம் என்பவர்களுக்கும் இடையே கால் நூற்றாண்டாக ஒரு வழக்கு நடக்கிறது. வழக்கின் இரு தரப்பிலும் அன்பு இருக்கிறது என்பதுதான் அதன் சிக்கல். காரை வெறுப்பவன் எவனும் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து அதற்கு எஞ்சின் மாற்றுவதில்லை.

கார்களில் ஆர்வமில்லாத வாசகருக்கும் இந்த வழக்கில் ஒரு பங்கு உண்டு. ஒரு பொருளை அந்தப் பொருளாக ஆக்குவது எது என்ற பழைய கேள்வியே இங்கு இரும்பிலும் அலுமினியத்திலும் கேட்கப்படுகிறது. விடை தேடுமுன் சுழல் எஞ்சின் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அந்த வழி நெடுகிலும் எஞ்சின் மாற்றங்களே கிடக்கின்றன; அவற்றில் பலவற்றைச் செய்தவர்கள், எஞ்சினை ஆசையோடு வளர்க்கத் தொடங்கிய நிறுவனங்களே.

* * *

ஃபெலிக்ஸ் வாங்கெல் 1902-ஆம் ஆண்டு தென்மேற்கு ஜெர்மனியின் லார் நகரில் பிறந்தார். தந்தை முதல் உலகப் போரில் மடிந்தார். வாங்கெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். ஹைடல்பெர்க் நகரில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எந்திரங்களைப் பற்றிச் சொந்தமாகக் கற்றுக்கொண்டவர். கடுமையான கிட்டப்பார்வை காரணமாக அவர் கடைசிவரை ஓட்டுநர் உரிமம் பெறவேயில்லை. கார் எஞ்சினின் இலக்கணத்தை மாற்ற முயன்றவர் காரோட்டியதில்லை.

அவருடைய வாழ்க்கையில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் இருக்கிறது. இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். உள்ளூர்த் தலைவருடன் முரண்பட்டு 1933-இல் சில மாதங்கள் சிறையிலிருந்தார். வெளிவந்தபின் அதே அரசின் வான்படைத் துறைக்காக லிண்டாவ் நகரில் பணியாற்றினார். போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படையினர் அவரது பட்டறையைத் தகர்த்து அவரையும் சிறையிலிட்டனர். எந்திர வரலாற்றைக் கறைபடாத மேதைகளின் கதையாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு வாங்கெல் இடையூறானவர்.

1951-இல் நெக்கார்சுல்ம் நகரின் என்எஸ்யூ நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1957 பிப்ரவரி 1 அன்று முதல் மாதிரி எஞ்சின் ஓடியது. அதில் உள்ளிருந்த சுழலி மட்டுமன்றி அதைச் சுற்றியிருந்த கூடும் சேர்ந்தே சுழன்றது. அதிர்வில்லாத, மிக வேகமான, அழகான எந்திரம். ஆனால் ஸ்பார்க் பிளக்கை மாற்றவே எஞ்சினைப் பிரிக்கவேண்டும். என்எஸ்யூவின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை அசையாமல் நிறுத்திச் சுழலியை மட்டும் சுழலவிட்டார். தயாரிக்கத்தக்க எஞ்சின் அப்படித்தான் பிறந்தது. தன் பந்தயக் குதிரையை உழவு மாடாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் வாங்கெல் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். ஆக, மூலத்துக்கும் மாற்றத்துக்குமான முதல் பூசல் அதைக் கண்டுபிடித்தவரின் வரைபடப் பலகையிலேயே மூண்டது. இன்று தூய்மைவாதிகள் காக்க நினைக்கும் 'மூல' எஞ்சின், வாங்கெலின் கண்ணில் ஒரு சமரசம்.

* * *

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, மீண்டும் வேகமெடுக்கிறது. சுழல் எஞ்சினில் நிற்பதும் திரும்புவதும் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடுப்புச் சிறுத்த நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் சுழல்கிறது. சுழலியின் மூன்று முகங்களுக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள். அவை சுழலும்போதே விரிந்தும் சுருங்கியும் கலவையை உறிஞ்சி, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றுகின்றன. சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் மையத் தண்டு மும்முறை சுற்றிவிடுகிறது. வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் கேம் தண்டும் இல்லை. அசையும் பாகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

குறையும் அந்த வடிவத்திலேயே பிறந்தது. மூன்று அறைகளையும் பிரித்து வைப்பவை முக்கோணத்தின் முனைகளில் பொருத்தப்பட்ட மெல்லிய பட்டைகள். அபெக்ஸ் சீல் என்று பெயர். கூட்டின் சுவரை உரசியபடியே அவை வாழ்நாள் முழுவதும் ஓடவேண்டும். அவற்றுக்கு எண்ணெய் வேண்டும் என்பதால் எஞ்சின் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்தே எரிக்கிறது. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் எரிகிறது, மறுபக்கம் எப்போதும் குளிர்ந்த கலவையை வாங்குகிறது. ஒரே உலோகம் இருவேறு தட்பவெப்பங்களில் வாழ்கிறது. எரியும் அறை நீண்டு மெலிந்திருப்பதால் வெப்பம் சுவர்களுக்குள் கசிகிறது, எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறுகிறது. சுருங்கச் சொன்னால், எடை குறைவு, அதிர்வு குறைவு, வேகம் அதிகம். அதற்கு விலையாக எரிபொருளும் ஆயுளும்.

* * *

இந்த விலையை முதலில் கொடுத்தது என்எஸ்யூ. 1964-இல் வெளிவந்த அதன் வாங்கெல் ஸ்பைடர், விற்பனைக்கு வந்த முதல் சுழல் எஞ்சின் கார். 1967-இல் வந்த ரோ 80 அதைவிடப் பெரிய கனவு. கிளாஸ் லூத்தே வரைந்த அதன் உடல், காற்றைக் கிழிக்காமல் நழுவிச் செல்லும்படி அமைந்தது. இருபதாண்டுகள் கழித்து வந்த கார்களின் நடுவிலும் அது பழையதாகத் தோன்றவில்லை. 1968-க்கான ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டம் அதற்கே கிடைத்தது. ஆனால் தொடக்ககால ரோ 80-களின் சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதக் காலத்தில் நிறுவனம் இலவசமாக மாற்றித்தந்த எஞ்சின்கள் அதன் கஜானாவைக் கரைத்தன. இரண்டு ரோ 80 ஓட்டுநர்கள் சாலையில் எதிர்ப்பட்டால், தங்களுக்கு இது எத்தனையாவது எஞ்சின் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்பது அக்கால நகைச்சுவை. 1969-இல் என்எஸ்யூ ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் கரைந்தது. சீல் சிக்கல் சில ஆண்டுகளில் பெருமளவு தீர்ந்தது. பெயர் மட்டும் தேறவில்லை. 1977-இல் ரோ 80-இன் தயாரிப்பு நின்றது.

காரை விட மனமில்லாத உரிமையாளர்கள் சிலர் ஒரு வழி கண்டார்கள். ஃபோர்டின் வி4 எஞ்சின் குட்டையானது. ரோ 80-இன் முன்புறச் சிறு இடத்துக்குள் அடங்கக்கூடிய மிகச் சில எஞ்சின்களில் ஒன்று. அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதிர்வே இல்லாத காருக்குள் கரகரக்கும் ஒரு வேன் எஞ்சின். வீணைக் குடத்தில் தவில் தோலைக் கட்டியதுபோல இருந்திருக்கும். ஆனாலும் கார் ஓடியது. ஆர்எக்ஸ்-7 பிறப்பதற்கு முன்பே, எட்டு சிலிண்டர் எஞ்சினின் எதிரிகளும் ஆதரவாளர்களும் சொல்லப்போகும் எல்லா வாதங்களும் அந்த ஜெர்மன் பட்டறைகளில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டன.

பெருநிறுவனங்கள் செய்தது இதைவிடப் பெரிய மாற்றம். மெர்சிடிஸ் பென்ஸ் 1969-இல் மூன்று சுழலிகளுடனும் 1970-இல் நான்கு சுழலிகளுடனும் சி111 என்ற சோதனைக் காரைக் காட்டியது. பின்னர் சுழல் எஞ்சினைக் கைவிட்டு, அதே காரில் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1976-இல் இத்தாலியின் நார்தோ தடத்தில் உலகச் சாதனைகளைப் படைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் பெரும்பணம் கொடுத்து உரிமம் வாங்கியது. 1973-இல் இரண்டு சுழலி கார்வெட், நான்கு சுழலி கார்வெட் என இரு மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தது. 1974-இல் திட்டத்தை ஒத்திவைத்து, மெல்ல மறந்தது. நான்கு சுழலிக் காருக்குள் பின்னர் வி8 எஞ்சின் புகுத்தப்பட்டு, ஏரோவெட் என்று பெயரும் மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் தரப்போகும் சுழல் எஞ்சினை நம்பித் தன் பேசர் காரை வடிவமைத்த அமெரிக்கன் மோட்டார்ஸ், கடைசி நேரத்தில் நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினை அதற்குள் திணிக்க நேர்ந்தது. 1975-இல் வந்த அக்காரின் எஞ்சின் முன்கண்ணாடிக்கு அடிவரை நீண்டு கிடந்தது.

சிட்ரோயென் நிறுவனத்தின் கதை வேறுவிதம். அதன் ஜிஎஸ் பிரோட்டர் 1973-இன் இறுதியில், எண்ணெய் நெருக்கடி வெடித்த அதே பருவத்தில், சந்தைக்கு வந்தது. விற்றவை 847. உதிரி பாகங்களைக் காலமெல்லாம் வைத்திருக்க விரும்பாத நிறுவனம், விற்ற கார்களைத் திரும்ப வாங்கி நசுக்கியது. கொடுக்க மறுத்த சிலரால்தான் அதில் சில இன்றும் இருக்கின்றன.

* * *

எல்லோரும் கைவிட்டதை ஹிரோஷிமா மட்டும் ஏன் பிடித்துக்கொண்டது?

மாஸ்டாவின் அன்றைய பெயர் டோயோ கோக்யோ. 1920-இல் தக்கை செய்யத் தொடங்கி, மூன்று சக்கர சரக்கு வண்டிகளால் வளர்ந்த நிறுவனம். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, நடுவிலிருந்த ஹிஜியாமா என்ற சிறு குன்று அதன் தொழிற்சாலையைப் பேரழிவிலிருந்து ஓரளவு காத்தது. மாவட்ட நிர்வாகம் சில காலம் அந்தக் கட்டடங்களில்தான் இயங்கியது. 1960-களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்துக்கு வேறொரு அச்சம். ஜப்பானியத் தொழில் அமைச்சகம் சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைக்க எண்ணியது. தனித்து நிற்கவேண்டுமானால் பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும் என்று தலைவர் ட்சுனேஜி மட்சுதா முடிவு செய்தார். 1961-இல் என்எஸ்யூவிடம் உரிமம் பெற்றார்.

ஜெர்மனியிலிருந்து வந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, சீல்கள் அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறின. பொறியாளர்கள் அதற்குச் 'சாத்தானின் நகத்தடம்' என்று பெயரிட்டார்கள். கென்இச்சி யமமோட்டோ தலைமையில் திரண்ட குழுவினர் 47 பேர். தலைவனுக்காகப் பழிதீர்த்த 47 ரோனின்களின் கதை ஜப்பானியர் அனைவரும் அறிந்தது என்பதால் அந்தப் பெயரே அவர்களுக்கு நிலைத்தது. சீலின் அதிர்வு இயல்பை மாற்றவேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். முதலில் சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். பின்பு அலுமினியம் ஊட்டிய கரிமத்தால் சீல் செய்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. ரோ 80-க்குச் சில மாதங்கள் முன்பாக.

1973-இன் எண்ணெய் நெருக்கடி டோயோ கோக்யோவையும் வீழ்த்தியது. அமெரிக்கச் சந்தை சரிந்தது. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டுக் கார் விற்றார்கள். அப்போதும் எஞ்சினை விடவில்லை. விட்டால் தன்னை நம்பி வாங்கியவர்களைக் கைவிட்டதாகும் என்ற எண்ணமும், தனித்தன்மை போய்விடும் என்ற பயமும் சேர்ந்தே அவர்களைப் பிடித்துவைத்தன. எரிபொருள் செலவை 40 விழுக்காடு குறைக்கும் திட்டத்துக்கு 'ஃபீனிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1978-இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. எல்லாக் கார்களுக்கும் ஏற்ற எஞ்சின் அல்ல இது, ஒரு விளையாட்டுக் காருக்கு ஏற்றது என்ற தெளிவும் அதனுடன் வந்தது. மூன்று தலைமுறைகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7 கார்கள் தயாராயின.

1991 ஜூனில் நான்கு சுழலிகள் கொண்ட 787பி கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அப்பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டா. வென்றதால் பொறாமை கொண்டு சுழல் எஞ்சினைத் தடைசெய்தார்கள் என்று ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்களுக்கு மாறும் விதி அதற்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதே உண்மை. தியாகியின் கதைக்கு அந்த உண்மை பொருந்தாது என்பதால் அது அதிகம் பேசப்படுவதில்லை.

* * *

இனி வழக்குக்கு வருவோம். தலைமைப் பொறியாளர் டகஹாரு கொபயகாவாவின் மேற்பார்வையில் உருவான மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, அமெரிக்காவில் விற்றபோது 255 குதிரைத்திறன் கொண்டிருந்தது. முறுக்குவிசை ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர். ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழும் இரண்டு டர்போக்கள், அவற்றை ஆட்டிவைக்கும் ரப்பர்க் குழாய்களின் சிக்கல், சிறிய இடத்துக்குள் அடங்காத வெப்பம். குளிர்நீர் சற்றுக் குறைந்தாலும், கலவையில் பெட்ரோல் சற்றே போதாமல் போனாலும் சீல் உடைந்தது.

1997-இல் கார்வெட்டுடன் அறிமுகமான எல்எஸ்1 எஞ்சின் 345 குதிரைத்திறனும் 475 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அதன் உடல் அலுமினியம். கேம் தண்டு எஞ்சினின் நடுவிலேயே இருப்பதால் தலை சிறியது, உயரம் குறைவு. டர்போக்களையும் அவற்றின் குளிர்விப்பானையும் கழற்றியபின் இதை வைத்தால், காரின் எடை சில பத்துக் கிலோ மட்டுமே கூடுகிறது. நெடுஞ்சாலையில் பெட்ரோலை அதிகம் குடிப்பது 5.7 லிட்டர் அன்று, 1.3 லிட்டரே. எஞ்சின் மாற்றுக்காரர்களின் கணக்கில் பிழையில்லை.

தூய்மைவாதிகளின் வாதம் கணக்கில் அடங்காதது. அந்தக் காரின் தாழ்ந்த மூக்கும், முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்ட எடையும், வளைவில் மூக்கைத் திருப்பும் விதமும் எஞ்சினின் சிறுமையிலிருந்து வந்தவை. கார்வெட்டின் எஞ்சின்தான் வேண்டுமென்றால் கார்வெட்டையே வாங்கலாம். ஏன் வாங்கவில்லை? அவர்கள் விரும்புவது ஆர்எக்ஸ்-7-இன் உடலை. அந்த உடல், தனக்குள் இருந்த எஞ்சினின் நினைவு. வி8 பொருத்தியவர், வெளியேற்றிய எஞ்சின் விட்டுச்சென்ற வீட்டில்தான் குடியிருக்கிறார், வாடகை கொடுப்பதில்லை.

ஆயினும் தூய்மைவாதிகள் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பிரித்துக் கட்டப்பட்ட சுழல் எஞ்சினில் 'மூலம்' என்று எஞ்சுவது கொஞ்சம். சீல்கள் புதியவை, கூடு மாற்றப்பட்டிருக்கும், சில சமயம் சுழலியும். இரண்டு மூன்று முறை கட்டிய எஞ்சினில் தொழிற்சாலையின் உலோகம் எவ்வளவு இருக்கும்? அவர்கள் காப்பது உலோகத்தை அன்று, ஒரு வேலைமுறையை: சீலின் இடைவெளியை அளக்கத் தெரிந்த விரல், அடைப்பு கசிகிறதா என்பதை ஓசையிலேயே உணரும் காது. வி8 எஞ்சினைக் கட்டத் தெரிந்தவர் அமெரிக்காவில் தெருவுக்கொருவர். சுழல் எஞ்சினைக் கட்டத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கைத்திறனுக்கு ஒரு வாடிக்கையாளரைக் குறைக்கிறது. என் பார்வையில் தூய்மைவாதிகளின் மிக வலுவான வாதம் இதுதான். அவர்கள் இதை அபூர்வமாகவே சொல்கிறார்கள். ஓசையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாறு எந்தப் பக்கம் சாய்கிறது? ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு சுழலிக் கார்வெட்டின் கதை ஒரு விடை தருகிறது. எஞ்சின் அகற்றப்பட்ட அதன் உடல் பிரிட்டனில் அழிவிலிருந்து தப்பி ஓர் ஆர்வலரிடம் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அதற்குள் பொருத்தப்பட்டது மாஸ்டாவின் 13பி சுழல் எஞ்சின். மூல எஞ்சின் அன்று. ஆனால் அதே குலம். உடல் பிழைத்ததால் உயிர் திரும்பியது. நசுக்கப்பட்ட பிரோட்டர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே எதிரெதிரே நிற்பவை மூலமும் மாற்றமும் அல்ல. ஓடும் காரும் நசுக்கப்பட்ட காரும்தான். எஞ்சின் உடைந்து, கட்டுவிக்கப் பணமின்றி மழையில் நிற்கும் ஆர்எக்ஸ்-7-க்கு வி8 ஒரு மறுபிறவி. நல்ல சுழல் எஞ்சினோடு இருக்கும் காரை, அதிலும் 2002-இல் வந்த கடைசி 1,500 கார்களில் ஒன்றை, வேகத்துக்காக அறுப்பது மறுபிறவி ஆகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு நெறி சாத்தியம். உடலை வெட்டாமல், மூலத் துளைகளிலேயே போல்ட்டால் பிணைக்கும் சட்டத்தில் மாற்று எஞ்சினை வைக்கலாம். கழற்றியதை விற்றுத் தீர்க்காமல் வைத்திருக்கலாம். 2020-இன் இறுதியில் மாஸ்டா, இரண்டாம் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-க்கான பாகங்கள் சிலவற்றை மீண்டும் விற்கத் தொடங்கியது. வழி முற்றாக அடைபடவில்லை.

மாஸ்டாவே 2012-இல் ஆர்எக்ஸ்-8-ஐ நிறுத்தியபின் பதினோரு ஆண்டுகள் சுழல் எஞ்சின் கார் எதையும் விற்கவில்லை. 2023-இல் எம்எக்ஸ்-30 மின்காரின் ஒரு வகையில் அது திரும்பி வந்தது: ஒற்றைச் சுழலி, 830 சிசி, சக்கரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. மின்சாரம் தயாரிப்பது மட்டுமே அதன் வேலை. வாங்கெல் இருந்திருந்தால் இதையும் உழவு மாடு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாட்டுக்காக ஹிரோஷிமாவில் மீண்டும் சுழலிகள் வார்க்கப்பட்டன. சீலின் இடைவெளியை அளக்க ஒரு புதிய தலைமுறை கற்றுக்கொண்டது. ஒருவர் பட்டறையின் மூலையில் எண்ணெய் பூசிப் போர்த்தி வைத்திருக்கும் பழைய 13பி எஞ்சினை என்றாவது பிரித்துக் கட்டவேண்டுமென்றால், அதற்குத் தேவையானது அத்தகைய கைகள்தாம்.